பறை வகுப்பில் பிள்ளைகள் கற்பது

நடன வகுப்பு பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை தரும் என்று நம்பும் பெற்றோர் பலர் மேடையையும் கைத்தட்டலையுமே மனத்தில் வைத்திருக்கிறார்கள். மகளை அழைத்துச் செல்லும் சாக்கில் எங்கள் பகுதியின் வார இறுதிப் பறையாட்டப் பயிற்சியைத் தொடர்ந்து கவனித்து வருபவன் என்ற முறையில், அந்தத் தன்னம்பிக்கை மேடைக்கு வெகு முன்பே, தான் அடியைத் தவறவிட்டால் மொத்த வட்டமும் தடுமாறும் என்று ஒரு பிள்ளை உணரும் இடத்தில் பிறக்கிறது என்றே சொல்வேன்.

பறையாட்டத்தில் இசைப்பவர் வேறு, ஆடுபவர் வேறு அல்லர். இடக்கையில் நீண்டு மெலிந்த சுண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையாகத் தடித்த அடிக்குச்சி. இரண்டும் வெவ்வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போதே கால்கள் அடவு வைக்க வேண்டும். கையும் காலும் ஒன்றுக்கொன்று இசைய வாரக்கணக்கில் ஆகும். எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் எப்போதும் அரை அடி பிந்தியே வந்துகொண்டிருந்தான். ஆசான் அவனைத் தனியே நிறுத்தித் திருத்தவில்லை. தாளம் பிசகாத ஒரு பெண்ணின் பக்கத்தில் நிறுத்தினார், அவ்வளவுதான். அவளும் ஒன்றும் சொல்லாமல், அவனுக்குத் தெரியும்படி காலைச் சற்று ஓங்கி வைத்தாள். மழைக்காலத்தில் தோல் தளர்ந்து ஓசை மங்கும்போது வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்ச வேண்டும். விரலால் தட்டிப் பார்த்துப் பதம் சொல்லும் பொறுப்பு மெல்ல அந்தச் சிறுவனிடம் வந்து சேர்ந்தது. (செயற்கைத் தோல் பொருத்திய பறைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை; இந்தப் பொறுப்பும் இல்லை.) இப்போது அவன் 'இன்னும் காயணும்' என்றால் ஆசானும் காத்திருக்கிறார்.

ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பறை ஒரே பொருளில் வந்து சேர்வதில்லை. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் குறிக்கும் கருவி, பிற்காலத்தில் சாதியோடும் சாவு வீட்டோடும் பிணைக்கப்பட்டு இழிவாகப் பார்க்கப்பட்டது. ஊரின் கட்டாயத்துக்கு இனி அடிக்க மாட்டோம் என்று போராடிக் கீழே வைத்த குடும்பங்கள் உண்டு. அத்தகைய வீட்டுப் பெரியவர் ஒருவர் பேரனை வகுப்புக்கு அனுப்பத் தயங்கினால் அதைப் பிற்போக்கு என்று சொல்ல எனக்கு மனம் வராது. பொழுதுபோக்காக வரும் என் மகளுக்கு இழக்க ஒன்றுமில்லை. அந்தப் பேரனுக்கோ, பறையைத் தோளில் மாட்டித் தெருவில் நடப்பதே ஒரு முடிவு. பெண்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது, இது ஆண்கள் மட்டுமே தொட்ட கருவி என்பதால். திண்டுக்கல்லில் 1990இல் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையம், பள்ளிப் படிப்பை இடையில் விட்ட தலித் பெண்களுக்குத் தையலோடு பறையையும் கற்பித்தது. எந்த அடையாளத்தைச் சொல்லி அவர்களை ஒதுக்கினார்களோ அதையே கையில் ஏந்தி அவர்கள் பொதுமேடையில் ஆடினார்கள். மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது எங்கள் வகுப்பில் அதைப் பற்றிப் பேசிய பிள்ளைகளில், யாருடைய முகம் அதிகம் மலர்ந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

என் குறை ஒன்றே ஒன்று. பத்தாம் வகுப்பு வந்ததும் பெற்றோர் முதலில் நிறுத்துவது இந்த வகுப்பைத்தான், அதுவும் பெண்பிள்ளைகளை விரைவாகவே நிறுத்திவிடுகிறார்கள். மதிப்பெண்ணைத் தவிர வேறொன்றும் பேசப்படாத அந்த ஓராண்டில், தன்னை மதிப்பெண் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் ஒரே கூட்டத்தையும் பிள்ளை இழக்கிறது. எங்கள் ஆசான் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்: தேர்வு எழுதும் பிள்ளைகள் ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் மட்டும் வந்து ஆடிவிட்டுப் போகலாம், புதிய அடி எதுவும் பழக வேண்டியதில்லை. என் மகள் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு. அந்த ஒரு மணி நேரத்தை இப்போதே வீட்டில் பேசி வாங்கி வைத்திருக்கிறாள்.