இடம் மாற்றும் கையுறை

மார்ச் 1, 2025 – சனி

தம்பியும் நானும் ஒரு விளையாட்டைச் சேர்ந்து தொடங்கியிருக்கிறோம். அவன் ஓர் ஊரில், நான் ஓர் ஊரில். வார இறுதி இரவுகளில்தான் இருவருக்கும் நேரம் ஒத்துவருகிறது. விளையாட்டு டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2, ஆளுக்கு ஒரு முறையாகச் சண்டையிடும் கணினி விளையாட்டு. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து லாரியன் ஸ்டூடியோஸ் 2017 செப்டம்பரில் வெளியிட்டது. நான் தனியாக இரண்டு முறை முடித்திருக்கிறேன். அவனுக்கு இது முதல் முறை.

குழுவில் நால்வர், ஆளுக்கு இருவர். எனக்கு ரெட் பிரின்ஸ் என்ற பல்லி இளவரசனும் இஃபான் என்ற வில்லாளனும். அவனுக்கு லோசி என்ற பெண்ணும் ஃபேனும். ஃபேன் ஒரு நடமாடும் எலும்புக்கூடு. குணமாக்கும் மந்திரம் அவனைக் காயப்படுத்தும், நஞ்சு அவனைக் குணமாக்கும். தம்பி இதைக் கேட்ட மாத்திரத்தில் அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டான்.

"எனக்கு நெருப்பு வேண்டும் அக்கா. எதிரே நிற்பதெல்லாம் எரிய வேண்டும்" என்றான். என் இருவரும் வாளும் வில்லும். இந்தச் சேர்க்கையில் உள்ள சிக்கலை அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் குரலில் இருந்த உற்சாகத்தைக் கேட்டபின் வாய் வரவில்லை.

மார்ச் 2 – ஞாயிறு

சிக்கல் இன்றே வந்துவிட்டது.

இந்த விளையாட்டில் பலருக்கு உயிருக்கு மேல் இரண்டு கவசங்கள் இருக்கின்றன. வாளும் அம்பும் உடற்கவசத்தில் படும். நெருப்பு, மின்னல், நஞ்சு, நீர் ஆகியவை மந்திரக்கவசத்தில் படும். அந்தந்தக் கவசம் முழுதாக உடைந்த பிறகுதான் அந்த வகை அடி உயிரைத் தொடும். எதிரியைக் கீழே வீழ்த்தவும் கோழியாக மாற்றவும் அவனுடைய உடற்கவசம் தீர்ந்திருக்க வேண்டும். உறையவைக்க மந்திரக்கவசம் தீர்ந்திருக்க வேண்டும்.

ஃபோர்ட் ஜாய் தீவின் கோட்டையில் ஒரு காவலனை நால்வரும் சூழ்ந்துகொண்டோம். நான் அவனுடைய உடற்கவசத்தில் முக்கால் பங்கைத் தீர்த்தேன். தம்பி மந்திரக்கவசத்தில் முக்கால் பங்கைத் தீர்த்தான். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்திருந்தால் காவலனின் உயிரில் பாதி போயிருக்கும். ஆனால் ஒரு துளியும் குறையாமல் நின்று திருப்பி அடித்தான். "நான் அடிப்பது உனக்கு உதவவே இல்லையா?" என்று தம்பி கேட்டான். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

2014இல் வந்த முதல் பாகத்தில் இந்த ஏற்பாடு கிடையாது. அங்கே உறையவைப்பதும் மயக்குவதும் சதவீதக் கணக்கு. தாயம் விழாமல் காயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த வேதனை ஒவ்வொரு சண்டையிலும் உண்டு. அதிர்ஷ்டத்தை அகற்றவே இரண்டாம் பாகத்தில் கவசங்கள் வந்தன. காரணம் எனக்குப் புரிகிறது, பாதி உடன்படவும் செய்கிறேன். மந்திரம் பலிக்குமா பலிக்காதா என்பது கவசத்தைப் பார்த்தாலே தெரிகிறது, திட்டமிட முடிகிறது. ஆனால் அதிர்ஷ்டத்தை வெளியே அனுப்பிய அதே விதி, ஒரே குழுவில் நிற்கும் இருவருக்கு நடுவே சுவரையும் எழுப்பிவிட்டது.

மார்ச் 5 – புதன்

இரவு தூக்கம் வரவில்லை. நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டேன்.

வலிமைப் புள்ளி ஒன்றுக்கு அடி 5 சதவீதம் கூடும். இருகை வாள் திறனில் ஒரு புள்ளிக்கும் 5 சதவீதம். இவை இரண்டும் ஒன்றோடொன்று கூட்டப்படுபவை. வார்ஃபேர் என்ற போர்த்திறனும் புள்ளிக்கு 5 சதவீதம்தான், ஆனால் அது கூட்டிய தொகையின் மேல் பெருக்கப்படுகிறது. அடிப்படை அடி 100, வலிமையால் 50 சதவீதம் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து புள்ளிகளை வாள் திறனில் போட்டால் 175. அதே ஐந்தை வார்ஃபேரில் போட்டால் 187.5. வில்லாளனுக்கும் இதே கதைதான். வில் திறனை உயர்த்துவதைவிட, வாள்வீரனுக்கு உரியது போலத் தோன்றும் வார்ஃபேரை முதலில் 10 வரை உயர்த்துவதே லாபம். புதிதாக விளையாடும் ஒருவர் இதை எப்படி ஊகிப்பார்? திறனின் பெயர் ஒன்று சொல்கிறது, கணக்கு வேறொன்று சொல்கிறது. நல்ல பில்ட் (புள்ளிகளைப் பங்கிட்டு ஆளை வடிவமைக்கும் விதம்) அமைப்பது விளையாட்டைப் புரிந்துகொண்டதற்குக் கிடைக்கும் பரிசாக இருக்க வேண்டும். இது கணக்கைத் தோண்டியெடுத்தவருக்கு மட்டும் கிடைக்கிறது.

மந்திரவாதியின் நிலை இன்னும் மோசம். நெருப்புக்கு ஒரு திறன், மண்ணுக்கும் நஞ்சுக்கும் ஒன்று, காற்றுக்கு ஒன்று, நீருக்கு ஒன்று. புள்ளிகள் நான்கு திசையில் சிதறுகின்றன. வாள், வில், பிணமந்திரம் (இதன் அடியும் உடற்கவசத்தில்தான் படும்) எல்லாவற்றுக்கும் வார்ஃபேர் ஒன்றே போதும்.

இந்தக் கணக்கைத் தம்பியிடம் காட்டப்போவதில்லை.

மார்ச் 8 – சனி

இன்று முதலைகள்.

கோட்டைக்கு அருகே கடற்கரையில் மூன்று முதலைகள் படுத்திருக்கும். புதிதாக வருபவர்களுக்கு இது சாதாரணச் சண்டை போலத் தோன்றும். அப்போது ஒரு முதலை சட்டென்று மறைந்து வேறிடத்தில் தோன்றும். தம்பி "முதலைக்கு மந்திரம் தெரியுமா?" என்று கத்தினான். நான் எதுவும் சொல்லாமல் காத்திருந்தேன். சண்டை முடிந்து முதலையின் உடலைத் திறந்தான். உள்ளே ஒரு ஜோடி கையுறை. அணிந்தவர் எதையும் யாரையும் தூக்கி வேறிடத்தில் வைக்கலாம்.

ஒரு பொருள் எப்படிக் கிடைக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை. கையுறை முதலையின் வயிற்றில் இருந்திருக்கிறது, அதனால்தான் முதலை இடம் மாறியது. கேள்வி முதலில் கண்ணெதிரே நடக்கிறது, விடை பிறகு கைக்கு வருகிறது. கையுறை தரும் கவசம் அற்பம். ஆனால் அதை மாட்டிய கணம் முதல் தீவே வேறாகத் தெரிகிறது. எட்டாத மேடு எட்டுகிறது, பூட்டிய வேலிக்கு அப்பாலுள்ள பெட்டி இப்பால் வருகிறது. தம்பி அரை மணி நேரம் ஒரு சண்டையும் போடாமல் பீப்பாய்களைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். நானும் அவசரப்படுத்தவில்லை.

விளையாட்டை அணைக்கும் முன் அவன் கவனித்தான்: கையுறைக்குக் கவசம் தடையே இல்லை. இரண்டும் முழுதாக இருக்கும் எதிரியையும் தூக்குகிறது. இரண்டு முறை முடித்த நான் இதை ஒரு வசதியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறேன், யோசித்துப் பார்த்ததில்லை.

மார்ச் 9 – ஞாயிறு

தம்பியின் யோசனை இது. எதிரிகளில் வாளேந்தியவர்களுக்குப் பெரும்பாலும் உடற்கவசம் மிகுதி, மந்திரக்கவசம் குறைவு. மந்திரவாதிகளுக்கு நேர்மாறு. ஆகவே கூட்டத்தைப் பிரி. மந்திரவாதியைத் தூக்கி ரெட் பிரின்ஸின் வாளருகே வை. கவசமணிந்த முரடனைத் தூக்கி லோசியின் நெருப்புக்குள் வை.

செய்து பார்த்தோம். சேற்றுநிலத்தில் எட்டுப் பேரோடு ஒரு சண்டை. முதல் முறையிலேயே வில்லாளர்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மந்திரக்காரி என் காலடியில் வந்து விழுந்தாள். விழுந்த அடியும் உடற்கவசத்தில்தான் கணக்காகிறது என்பதால் பாதி வேலை அப்போதே முடிந்துவிட்டது. இரண்டாவது வெட்டில் கீழே சாய்ந்தாள். தம்பி அந்தப் பக்கம் இரண்டு வீரர்களை எரித்துக்கொண்டிருந்தான்.

சுவர் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இப்போது எனக்கு உரியவர்களைச் சுவருக்கு மேலாக அவன் எடுத்துத் தருகிறான். நேற்றுவரை ஒரே திரையில் இரண்டு சண்டைகள் நடந்தன. இன்று அவனுடைய முறைக்காக நான் காத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தேன். இங்கே நம் ஆள், எதிரி ஆள், நம் ஆள் என்று முறை மாறி மாறி வரும். குழுவில் ஒருவர் எல்லோரையும் முந்தினால் போதும். மற்ற மூவரும் வேகத்துக்குப் புள்ளி செலவழிப்பது வீண். ஃபேனிடமிருந்த வேகம் கூட்டும் மோதிரத்தை இஃபானுக்கு மாற்றினோம்.

மார்ச் 14 – வெள்ளி

இன்று சண்டையே இல்லை. இரண்டு மணி நேரம் கடை கடையாக ஏறி இறங்கினோம். மனம் வெறுத்துப்போயிற்று.

கடைக்காரர்களின் சரக்கு மணிக்கு ஒரு முறையும், நாம் லெவல் ஏறும்போதும் மாறுகிறது. எண்கள் லெவலுக்கு லெவல் வேகமாக ஏறுவதால் இரண்டு லெவல் பழைய வாள் மொட்டை வாள்தான். நான்காம் லெவலில் ஆசையாக வாங்கிய இருகை வாளை இன்று விற்றேன். அதன் பெயர்கூட நினைவில் இல்லை. புதிய வாளின் பெயரும் இருக்கப்போவதில்லை. எல்லாம் பகடை உருட்டிப் பிறந்த சொற்சேர்க்கைகள். எதற்கும் வரலாறு இல்லை, எதுவும் ஒரு முதலையின் வயிற்றிலிருந்து வரவில்லை.

அதிர்ஷ்டத்தைச் சண்டையிலிருந்து விரட்டியவர்கள் அதைக் கடைக்குள் குடியேற்றிவிட்டார்கள் என்பதுதான் என் மனத்தாங்கல். சண்டையில் பகடை சரியில்லாவிட்டால் அடுத்த முறை வேறு வழி தேடலாம். கடையில் நல்ல வாள் வராவிட்டால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

இதே நிறுவனம் 2023இல் பால்டர்ஸ் கேட் 3 வெளியிட்டபோது இரண்டையும் திருப்பிப் போட்டது. சண்டையில் இருபது முகப் பகடை, ஒவ்வொரு முகத்துக்கும் 5 சதவீதம். ஆனால் முக்கியமான பொருட்கள் ஓரிடத்தில் கையால் வைக்கப்பட்டவை. உச்ச லெவல் 12 என்பதால் எண்களும் வெறிபிடித்து ஏறுவதில்லை. தொடக்கக் கப்பலிலேயே ஸால்க் என்ற பேய்த்தளபதி எரியும் வாளோடு நிற்பான். அவனைக் கொன்றோ, துணைவரும் ஷேடோஹார்ட்டின் கட்டளை மந்திரத்தால் கீழே போடவைத்தோ அந்த வாளைப் பெற்றால் அது நெடுந்தூரம் உடன்வரும். விளையாடியவர்கள் அந்த வாள் தங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதை இன்றும் சொல்வார்கள். நான்காம் லெவல் வாளைப் பற்றி யார் சொல்லப்போகிறார்கள்?

தம்பி கடைக்காரரிடம் திருடலாம் என்றான். ஒவ்வொரு கதாபாத்திரமும் ஒருவரிடம் ஒரு முறைதான் திருட முடியும். அந்தக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டோம். ஒரு சாகசக் கதைக்கு இருந்த நேரமெல்லாம் இப்படித்தான் கரைகிறது.

மார்ச் 16 – ஞாயிறு

எதிரித் தலைவன் பிஷப் அலெக்சாண்டரோடு சண்டை. நடுவில் நிலம் பிளந்து பெரும் புழு ஒன்று எழுந்து, எங்களையும் அவர்களையும் பேதமில்லாமல் தாக்கியது. தம்பி பிஷப்பையே தூக்கிப் புழுவின் அருகில் வைத்தான். மீதியைப் புழு பார்த்துக்கொண்டது.

இப்படிப்பட்ட ஒரு கணத்துக்காகத்தான் இந்த விளையாட்டின் குறைகளையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன். விதிகள் சண்டையைச் சமப்படுத்துவது அவசியம். அதே அளவு அவசியம், யோசிப்பவனுக்குச் சமநிலையைக் கவிழ்க்க ஒரு வாசல் திறந்திருப்பதும்.

மார்ச் 17 – திங்கள்

கப்பலில் மாயக்கண்ணாடி கிடைத்துவிட்டது. காசில்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் பில்டை மாற்றலாம். நோட்டுப் புத்தகக் கணக்கை இன்று தம்பியிடம் காட்டினேன். லோசியையும் ஃபேனையும் பிணமந்திரத்துக்கு மாற்றி வார்ஃபேரில் புள்ளிகளைப் போட்டால் நால்வரும் ஒரே கவசத்தை அடிப்போம், சண்டைகள் பாதி நேரத்தில் முடியும்.

வெகுநேரம் பார்த்தான். "கணக்கு சரிதான் அக்கா. ஆனால் அப்புறம் நான் எதற்கு? நீயே நால்வரையும் வைத்துக்கொண்டு விளையாடலாமே."

மாற்றவில்லை.

மார்ச் 22 – சனி

பிளாக்பிட்ஸ் எண்ணெய் வயல். தோற்றோம். கைதி ஒருவரைக் காப்பாற்றி வெளியே அழைத்து வந்தால், எண்ணெயிலிருந்து உயிரினங்கள் எழும்பி வயல் முழுதும் தீப்பிடிக்கும். அதுவும் சபிக்கப்பட்ட தீ. தண்ணீரால் அணையாது. கைதி இரண்டாம் சுற்றிலேயே கருகிவிட்டார். எங்கள் நால்வரும் நான்காம் சுற்றில்.

நெருப்பை அவ்வளவு விரும்பியவன் இன்று நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

மார்ச் 23 – ஞாயிறு

வென்றோம். முதல் முறையிலேயே கைதியைக் கையுறையால் தூக்கி எண்ணெய் இல்லாத மேட்டில் வைத்தான் தம்பி. அதன் பிறகு நாங்களும் மேட்டிலேயே நின்றுகொண்டோம். உயரத்திலிருந்து இஃபானின் அம்புகளுக்கு அடி கூடுகிறது. கீழே எரிவது எரியட்டும் என்று விட்டோம். நேற்று லோசி வீசிய நெருப்பு எண்ணெய் உயிரினங்களிடம் எடுபடவில்லை, இன்று அவன் நெருப்பைத் தொடவே இல்லை. மண் மந்திரத்தால் ஃபேனுக்கு நஞ்சூட்டிக் குணப்படுத்திக்கொண்டே இருந்தான். ஒரு மணி பத்து நிமிடச் சண்டை. கைதி நடந்து போவதை இருவரும் பேசாமல் பார்த்தோம்.

மார்ச் 29 – சனி

டிரிஃப்ட்வுட் ஊரில் ஒரு கடையில் கையுறையின் அந்த இடம் மாற்றும் மந்திரத்தின் புத்தகம் விற்பனைக்கு இருந்தது. காற்றுத் திறன் ஃபேனிடம் ஏற்கெனவே போதுமான அளவு இருப்பதால் வாங்கியதும் கற்றுக்கொண்டான். இனி கையுறை தேவையில்லை. அதன் கவசம் இந்த லெவலில் ஒரு அடிக்கும் தாங்காது. கைக்கு நல்ல கையுறை வேறு வாங்கினோம்.

பழையதை விற்பனைப் பட்டியலில் இழுத்து வைத்தேன். சொற்பக் காசுதான் காட்டியது. "அக்கா, வேண்டாம்" என்றான் தம்பி. நானும் அதற்குள் திரும்ப எடுத்துவிட்டிருந்தேன். ரெட் பிரின்ஸின் பையில், மருந்துப் புட்டிகளுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.