முக்கால் நொடி எடையின்மைக்கு ஒரு பெட்டி

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு நான் எடுத்த தலைப்பு, எடையற்ற நிலையில் திரவம் பாத்திரத்தின் மூலைகளில் ஏறும் விதம். ஜெர்மனியில் ப்ரெமன் கோபுரத்துக்குள் 110 மீட்டர் விழவிட்டு 4.74 நொடி எடையின்மை பெறுகிறார்கள். எனக்குக் கிடைத்தது வியாசர்பாடியில் ஒரு லேத் ஷெட். செயின் பிளாக் தொங்கும் கர்டரிலிருந்து 3 மீட்டர், அதாவது 0.78 நொடி.

தொட்டியின் அளவை முடிவு செய்தது அந்த முக்கால் நொடிதான். அகலம் கூடக்கூட, திரவம் புது வடிவத்துக்கு வரும் நேரம் மளமளவென்று ஏறும். 1 செ.மீ. குழாயில் சிலிக்கோன் எண்ணெய்க்கு ஏறக்குறைய 0.2 நொடி; 3 செ.மீ. என்றால் ஒரு நொடியைத் தாண்டும், அதற்குள் பெட்டி தரையில் கிடக்கும். ஆகவே 1 செ.மீ. சதுரக் குழாய் இரண்டு: ஒன்றில் எண்ணெய், இன்னொன்றில் சாயம் போட்ட தண்ணீர். கான்கஸும் ஃபின்னும் 1969-ல் எழுதிய கணக்குப்படி, திரவம் சுவரைத் தொடும் கோணமும் மூலைக் கோணத்தில் பாதியும் சேர்ந்து 90 டிகிரிக்குக் குறைந்தால், திரவம் மூலை வழியே ஏறிக்கொண்டே போகும். சதுர மூலையில் பாதி 45. குழாயின் அக்ரிலிக் சுவரில் எண்ணெய் அப்படியே பரவிவிடும், அதாவது தொடும் கோணம் ஏறக்குறைய பூஜ்யம். தண்ணீருக்கு 70 டிகிரி பக்கம்; 45-ஐக் கூட்டினால் 90-ஐத் தாண்டிவிடும், அதனால் ஏறக்கூடாது.

ஒட்டுவதில்தான் பாடு. பசை உள்ளே வழிந்து மூலை உருண்டுவிட்டால் சோதனையே இல்லை. மண்ணடியில் போர்டு செய்யும் அண்ணன் ஒருவர் பலகைகளை இறுக்கிப் பிடித்து, வெளிப்பக்கமாக சிரிஞ்சால் குளோரோஃபார்ம் ஒரு சொட்டு வைத்தார். இடுக்கு நெடுக அது தானாகவே ஓடியது. நான் ப்ராஜெக்ட் என்று எடுத்துக்கொண்டதை அவர் தினமும் செய்கிறார்!

காற்றுத்தடைக்குப் பெட்டிக்குள் பெட்டி: காற்றை வெளிப்பெட்டி வாங்கிக்கொள்ளும், உள்பெட்டி தனியாக விழும். கீழே பழைய மெத்தை ஸ்பாஞ்ச்.

விடுவிப்பதற்கு மின்காந்தம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். கரண்ட் நின்றபிறகும் அது கொஞ்சம் பிடித்துவைக்கும். காசிமேட்டில் வாங்கிய தூண்டில் நரம்பில் நிக்ரோம் கம்பி சுற்றி பேட்டரி கொடுத்தால், கம்பி சூடேறி நரம்பு உருகி அறுந்துவிடும். ஆனால் பக்கத்து ஷெட்டில் பவர் பிரஸ் விழும் ஒவ்வொரு அடிக்கும் எண்ணெயில் மெல்லிய வளையம் ஓடியது. சாதாரணமாக ஈர்ப்பு அதை அமுக்கிவிடும். ஈர்ப்பு போனதும் அந்தச் சின்ன அசைவே திரவத்தைச் சுவரில் ஏற்றிவிடும். பிரஸ் நிற்கும் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போட்டோம்.

“இன்னா தம்பி, மேல தூக்கி கீழ போடுறதுக்கு இவ்ளோ நேரமா?” என்றார் ஷெட்காரர்.

“ஆட்டம் நிக்கணும்ணே.”

செல்போனில் நொடிக்கு 240 ஃப்ரேம் வேகத்தில் எடுத்த படத்தில், எண்ணெய் நான்கு மூலைகளிலும் ஊசிபோல் மேலே கிளம்புவது தெளிவாகத் தெரிந்தது. தண்ணீர் மூலையில் ஏறவே இல்லை.

அடுத்து ஐஐடி மெட்ராஸில் உள்ள 2.5 நொடிக் கோபுரத்துக்குக் கேட்டுப் பார்க்கச் சொல்கிறார் கைடு. அங்கே குழாயை 2 செ.மீ. வரை பெரிதாக்கலாம். ஆனால் விழும் வேகம் நொடிக்கு 24 மீட்டருக்கு வந்துவிடும். அதற்குள் என் செல்போனை வைக்க மாட்டேன், அதிர்ச்சி தாங்கும் கேமரா தேடிக்கொண்டிருக்கிறேன்.