லா வெர்னா: எதுவும் வேண்டாதவருக்குக் கிடைத்த மலை

உடைமை என்று எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதைத் தம் துறவற சபையின் அடித்தளமாகவே வகுத்த ஒருவருக்கு, 1213ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் ஒரு முழு மலை தானமாகக் கிடைத்தது. மத்திய இத்தாலியின் சான் லியோ என்ற ஊரில் பிரபுக்கள் கூடியிருந்த விழா ஒன்றில் அசிசியின் பிரான்சிஸ் மறையுரை ஆற்றியதாகவும், அதைக் கேட்டு மனம் உருகிய கியூசி பிரபு ஒர்லாந்தோ, தவத்துக்கு ஏற்ற தனிமையான மலை ஒன்று தம்மிடம் இருப்பதாகச் சொல்லி அதை அவருக்கு அளித்ததாகவும் பிரான்சிஸ்கன் மரபு கூறுகிறது. அப்போது பத்திரம் எதுவும் எழுதப்படவில்லை. வாய்ச்சொல்லாகவே இருந்த அந்தத் தானத்தை ஒர்லாந்தோவின் புதல்வர்கள் 1274இல்தான் எழுத்தில் உறுதி செய்தார்கள்.

தொஸ்கானா மாநிலத்தில், தைபர், ஆர்னோ ஆகிய இரண்டு ஆறுகளின் மேற்பள்ளத்தாக்குகளுக்கு நடுவே, 1283 மீட்டர் உயரமுள்ள பென்னா சிகரத்தை ஒட்டி லா வெர்னா மடம் நிற்கிறது. உடைமையே வேண்டாம் என்றவர்களிடம் வந்து சேர்ந்த இந்தச் செல்வத்தை அவர்களும் அவர்களுக்குப் பின்வந்தவர்களும் எப்படிக் கையாண்டார்கள் என்பதுதான் இதன் எண்ணூறு ஆண்டு வரலாற்றில் என்னை மிகவும் ஈர்க்கும் கேள்வி.

முதலில் பாறையைச் சொல்ல வேண்டும். மென்மையான களிமண் படிவத்தின் மேல் அமர்ந்திருக்கும் பெரும் சுண்ணாம்புப் பாறைத்திட்டு இது. அடித்தளம் இளகுவதால் விளிம்பெல்லாம் வெடித்துப் பிளந்திருக்கிறது. மடத்துக்குக் கீழே படியிறங்கிச் சென்றால், தலைக்கு மேல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் 'ஸஸ்ஸோ ஸ்பிக்கோ' என்ற மாபெரும் பாறையின் அடியில் நிற்கலாம். கல்வாரியில் கிறிஸ்து உயிர்விட்டபோது பாறைகள் பிளந்தன என்று மத்தேயு நற்செய்தி சொல்கிறதல்லவா, அந்தப் பிளவுகளே இவை என்று பிரான்சிஸ் நம்பியதாகச் சொல்வார்கள். சற்றுத் தள்ளி, ஈரம் கசியும் குகை ஒன்றில் அவர் படுத்துறங்கிய இடம் இரும்புக் கம்பித் தட்டியால் மூடப்பட்டிருக்கிறது. படுக்கை என்று பெயர், ஆனால் அது வெறும் கல்தான்.

1224ஆம் ஆண்டு, மரியன்னையின் விண்ணேற்பு விழாவிலிருந்து அதிதூதர் மிக்கேல் விழா வரை நோன்பிருக்க பிரான்சிஸ் இங்கே ஏறி வந்தார். செப்டம்பர் நடுவில், திருச்சிலுவை மகிமை விழாவையொட்டி, ஆறு சிறகுகள் கொண்ட சேராபீன் என்ற வானதூதரின் காட்சியையும், சிலுவையில் கிறிஸ்து அடைந்த ஐந்து காயங்கள் தம் உடலிலும் தோன்றும் ஐந்து காய வரத்தையும் பெற்றார். இந்நிகழ்வுக்கு மிக நெருங்கிய சான்று கையளவுத் தோல் ஏடு ஒன்று. அதன் ஒரு பக்கத்தில் பிரான்சிஸ் தம் கைப்பட இறைப் புகழ்ச்சிகளை எழுதினார்; மறுபக்கத்தில், உடனிருந்த சபைத் துறவி சகோதரர் லியோவுக்கு ஆசி எழுதி, 'தவ்' என்ற சிலுவை வடிவ எழுத்தையும் வரைந்தார். அது எப்போது, எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்பதை லியோ பின்னாளில் அதே ஏட்டில் சிவப்பு மையால் குறித்து வைத்தார். அந்த ஏடு இப்போது அசிசியில் இருக்கிறது. காவியங்களையும் ஓவியங்களையும்விட அந்தச் சிவப்புக் குறிப்பை நான் உயர்வாக மதிக்கிறேன். அதில் அலங்காரம் எதுவும் இல்லை, நண்பர் ஒருவரின் பொறுப்புணர்வு மட்டுமே இருக்கிறது.

கட்டடங்கள் மெல்ல மெல்லவே எழுந்தன. பிரான்சிஸ் வாழ்ந்த காலத்திலேயே வானதூதர்களின் அன்னை பெயரால் ஒரு சிறிய கோயில் அமைந்தது. காய வரம் பெற்ற இடத்தில் 1263இல் ஒரு சிற்றாலயம் கட்டப்பட்டது. பெரிய ஆலயம் 1348இல் தொடங்கப்பட்டு 1509இல்தான் நிறைவடைந்தது. அந்தச் சிற்றாலயத்துக்கும் முன்பே, 1259இல், சபையின் தலைவராக இருந்த பொனவெந்தூர் இங்கே வந்து தங்கி, அந்தச் சேராபீனின் ஆறு சிறகுகளையே ஆறு படிநிலைகளாகக் கொண்டு, மனம் இறைவனை நோக்கிச் செல்லும் பயணத்தைப் பற்றிய தம் நூலுக்கான கருவைப் பெற்றார்.

லா வெர்னாவின் கலைச்செல்வம் என்றால் அது அந்திரேயா தெல்லா ரொபியாவின் சுடுமண் சிற்பங்களே. குளிரும் மூடுபனியும் ஈரமும் ஆளும் இந்த உயரத்தில் சுவரோவியம் நெடுநாள் தாங்காது. களிமண்ணில் வடித்துச் சுட்டு, அதன்மேல் வெள்ளீயம் கலந்த மெருகு பூசி மீண்டும் சுட்டெடுக்கும் முறையை அந்திரேயாவின் சிற்றப்பா லூக்கா புளோரன்சு நகரில் செம்மைப்படுத்தியிருந்தார். அந்த மெருகுக்குள் ஈரம் புகாது. துண்டு துண்டாகச் செய்து, மலைமேல் கொண்டுவந்து பொருத்தினார்கள். உற்றுப் பார்த்தால் இணைப்புக் கோடுகள் இன்றும் தெரிகின்றன. இயேசுவின் பிறப்பை வானதூதர் மரியாவுக்கு அறிவிக்கும், பெரிய ஆலயத்தில் உள்ள 'மங்கள வார்த்தை' சிற்பத்தில் நீலப் பின்னணியும் வெள்ளை உருவங்களும் தவிர வேறு நிறம் அதிகம் இல்லை. வானதூதர் மண்டியிட்டிருக்க, மடியில் நூலோடு அமர்ந்திருக்கும் மரியா சற்றே பின்வாங்கியவராகத் தெரிகிறார். ஐந்து காயச் சிற்றாலயத்தில் இருக்கும் சிலுவைப்பாடு மிகப் பெரியது. அதில் சூரியனும் சந்திரனுமே துயருறுகின்றன. இவற்றுக்குப் பொருள் கொடுத்தவர்கள் புளோரன்சின் செல்வக் குடும்பத்தார். ஆனால் பொன்னோ பளிங்கோ தேடாமல், குயவர் கைப்படும் மண்ணையே இந்த மலைக்குத் தேர்ந்தது, ஏழ்மையைத் துணையாக வரித்தவரின் இடத்துக்கு எவ்வளவு பொருத்தம்! காரணம் தட்பவெப்பமாக இருந்தாலும் எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

நாள்தோறும் பிற்பகல் 3 மணிக்கு, கிறிஸ்து இறந்த வேளையில், சகோதரர்கள் பெரிய ஆலயத்திலிருந்து ஐந்து காயச் சிற்றாலயத்துக்குப் பாடியபடியே பவனியாகச் செல்கிறார்கள். 1431இல் தொடங்கிய வழக்கம் இது. ஒருமுறை கடும் பனியால் அவர்கள் போகாமல் இருந்துவிட, மறுநாள் காலையில் அந்தப் பாதை முழுதும் காட்டு விலங்குகளின் கால்தடங்கள் தெரிந்தனவாம். தங்களுக்குப் பதிலாக அவை பவனி சென்றதைக் கண்டு நாணி, அதன்பின் ஒருநாளும் தவறவிடவில்லை என்பது மடத்துக் கதை. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தப் பாதைக்குக் கூரை வேய்ந்து நடைக்கூடமாக்கினார்கள். இப்போது அதன் சுவரில் பிரான்சிஸின் வாழ்க்கை ஓவியங்களாக விரிகிறது.

நெப்போலியன் ஆட்சியில் 1810இலும், இத்தாலிய அரசின் சட்டத்தால் 1866இலும் மடம் மூடப்பட்டது; இரண்டு முறையும் சகோதரர்கள் திரும்பி வந்தார்கள். அவர்கள் பேணிவந்த பீச், ஃபிர் மரங்கள் அடர்ந்த காடு 1990களில் அமைந்த காசெந்தினோ தேசியப் பூங்காவின் பகுதியாகிவிட்டது. விறகு வெட்டும்போது அடியோடு வெட்டாதீர்கள், மீண்டும் துளிர்க்க இடம் விடுங்கள் என்று பிரான்சிஸ் தம் சகோதரர்களுக்குச் சொன்னதை அவருடைய முதல் வரலாற்றாசிரியரான செலானோ தோமா பதிவு செய்திருக்கிறார். பென்னா சிகரத்துக்கு ஏறும் வழியில் அந்தக் காட்டின் வயதான மரங்களைக் காணலாம். போகிறவர்கள் காலையிலேயே சென்று, சிற்பங்களை நிதானமாகப் பார்த்து, காட்டு வழியில் ஏறி இறங்கிவிட்டு, 3 மணிப் பவனியில் சகோதரர்களுக்குப் பின்னால் நடந்து செல்வது நல்லது.