ஆடாமலே ஃபுட்பால் கோச் ஆன வழி

ஹூஸ்டன், டாலஸ் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் ஒரே கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள்: "அண்ணா, நான் காலேஜ் டீமில் ஆடவில்லை. ஆனால் கோச் ஆகணும். முடியுமா?" முடியும். நான் அப்படி வந்தவன்தான். எப்படி வந்தேன் என்பதை ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் சொல்வது ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்க ஃபுட்பால். அதில் அஃபென்ஸ், அதாவது பந்தை வைத்து முன்னேறும் பக்கம், என் வேலை. ஆட்டம் பழக்கமில்லாத பெற்றோர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் அடிப்படையை மட்டும் சொல்கிறேன். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி நாலு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நாலு முயற்சி கிடைக்கும். பொதுவாக ஒரு முயற்சி (அதையும் நாங்கள் 'ஆட்டம்' என்றுதான் சொல்வோம்) முடிந்ததும் 40 நொடி கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அதற்குள் அடுத்து என்ன ஆடுவது என்று ஒருவர் முடிவெடுத்து, அது பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்குப் போய், அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் போய், எல்லோரும் இடத்தில் வந்து நின்றிருக்க வேண்டும். அந்த முடிவை எடுப்பவர் பல அணிகளில் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர். அஃபென்ஸ் பக்கம் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் அந்த நாற்காலி மேல் ஒரு கண் உண்டு. எனக்கும் உண்டு.

எட்டாம் வகுப்பு முடித்து திருச்சியிலிருந்து அப்பாவின் வேலைக்காக ஹூஸ்டன் வந்தோம். வந்த வருஷமே, 2008 நவம்பர் 1 ராத்திரி, டெக்சாஸ் டெக் அணி முதலிடத்தில் இருந்த டெக்சாஸ் அணியை 39-33 என்று ஜெயித்ததைப் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தேன். எட்டு நொடி மிச்சமிருக்கும்போது கிரஹாம் ஹாரெல் எறிந்த பந்தை மைக்கேல் கிராப்ட்ரீ ஓரக்கோட்டை ஒட்டிப் பிடித்து, உடும்புப் பிடியாக வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். அந்த அணியின் ஹெட் கோச் மைக் லீச். அவரைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. அவர் காலேஜ் ஃபுட்பால் ஆடியதே இல்லை. பெப்பர்டைனில் சட்டம் படித்து 1986-இல் பட்டம் வாங்கினார். வக்கீல் வேலைக்குப் போகாமல் கலிஃபோர்னியாவில் சின்னச் சின்ன வேலைகள், ஃபின்லாந்தில் ஒரு கிளப் அணி என்று சுற்றினார். 1989-இல் ஐயோவா வெஸ்லியன் என்ற சிறிய கல்லூரியில் ஹால் மம்மியோடு சேர்ந்தார். பந்தை எறிந்தே ஜெயிக்கும் ஏர் ரெய்டு முறையை அந்த இருவரும் அங்கேதான் வளர்த்தார்கள். பிறகு வால்டோஸ்டா ஸ்டேட், கென்டக்கி, ஓக்லஹோமா, அதற்கப்புறம்தான் டெக்சாஸ் டெக். 2022 டிசம்பரில் அவர் இறந்தபோது சொந்தக்காரர் ஒருவர் போன மாதிரி இருந்தது எனக்கு.

காலேஜில் சேர்ந்ததும் ஃபுட்பால் அலுவலகத்தின் வீடியோ அறையில் மாணவர் வேலை கேட்டு வாங்கினேன். ஆடாத பிள்ளைகள் உள்ளே நுழைய எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வாசல் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்தையும் இரண்டு கோணத்தில் எடுப்பார்கள்: ஒன்று பக்கவாட்டில் உயரத்திலிருந்து, இன்னொன்று கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து. அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் விவரம் நிரப்ப வேண்டும். எத்தனையாவது முயற்சி, எத்தனை யார்டு பாக்கி, பந்து எந்த ஹாஷில் (மைதானத்தின் நடுவிலுள்ள சிறு கோட்டு வரிசை), யார் யார் களத்தில், என்ன ஃபார்மேஷன் (நிற்கும் அமைப்பு), எதிரணி எப்படித் தடுத்தது. '11 பெர்சனல்' என்றால் ஒரு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), ஒரு டைட் எண்ட் (தள்ளித் தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்), மீதி மூன்று ரிசீவர்கள் (பந்து பிடிப்பவர்கள்). '12' என்றால் ஒரு ரன்னிங் பேக், இரண்டு டைட் எண்ட். இதையே வருஷக்கணக்கில் செய்தால், எதிரணி சேஃப்டி (கடைசியில் நின்று காப்பவர்) இரண்டு அடி தள்ளி நிற்பதைப் பார்த்ததுமே அடுத்து என்ன வரப்போகிறது என்று மனதில் பட ஆரம்பிக்கும். நான் ஆட்டத்தைக் கற்றது அந்த இருட்டறையில்தான்.

அடுத்த படி கிராஜுவேட் அசிஸ்டன்ட், சுருக்கமாக ஜி.ஏ. முதுகலை படிப்பில் சேர வேண்டும். பெரும்பாலும் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும், சிறிய உதவித்தொகை வரும். சீசனில் தூக்கம் குறைவு. இந்த இடத்தைப் பிடிப்பதுதான் இந்தப் பாதையிலேயே கஷ்டமான கட்டம். நல்ல இடங்கள் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே பேசி முடிந்துவிடும். ஒவ்வொரு ஜனவரியிலும் அமெரிக்க ஃபுட்பால் கோச்கள் சங்கத்தின் மாநாடு நடக்கும். என்னைப் போன்றவர்கள் கோப்பும் கையுமாக ஓட்டல் வராந்தாக்களில் நிற்பது அங்கேதான். என் வீடியோ அறை மேலதிகாரி ஒரு போன் செய்தார். அதனால்தான் எனக்கு நேர்முகம் கிடைத்தது. அவர் தயவை நான் மறக்கவில்லை.

அந்த நேர்முகத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இதற்குத் தப்பான விதத்தில் தயாராகிறார்கள். கோஆர்டினேட்டர் மார்க்கரைக் கையில் கொடுத்து, "உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு ஆட்டத்தை எடு. நான் முதல் வருஷப் பையன். எனக்குச் சொல்லிக்கொடு" என்றார். நான் மெஷ் எடுத்தேன். ஏர் ரெய்டின் உயிர் அது. இரண்டு ரிசீவர்கள் இரு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கிக் குறுக்கே ஓடி, கையைத் தட்டிக்கொள்ளும் நெருக்கத்தில் ஒருவரை ஒருவர் கடப்பார்கள். ஒருவர் 6 யார்டு ஆழத்தில் ஓடுவார், மற்றவர் அவருக்கு அடியில் ஒட்டிக்கொண்டு போவார். எதிரணி ஆளுக்கு ஆள் துரத்தினால் நிற்காமல் ஓட வேண்டும். இடத்தைக் காத்து நின்றால் இரண்டு பேருக்கு நடுவிலுள்ள சந்தில் நின்று குவார்ட்டர்பேக் பக்கம் திரும்ப வேண்டும். போர்டில் எல்லாவற்றையும் வரைந்து முடித்தேன். அவர் வரைபடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இதில் பையன் எங்கே சொதப்புவான்? அதை எந்தப் பயிற்சியால் சரி செய்வாய்?" என்றுதான் கேட்டார். மேலே ஓடுபவன் ஆழத்தைப் பிடிக்காமல் விட்டால் நடுவில் இடைவெளி விழும், தடுப்பவன் அதில் நுழைந்து வந்துவிடுவான். அதனால் தரையில் கூம்பு வைத்து, குவார்ட்டர்பேக் இல்லாமல், அந்த இரண்டு பேரை மட்டும் கை தட்டிக் கடக்கவிட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டுவேன் என்றேன். வேலை கிடைத்தது.

அஃபென்ஸ் கோச் என்றால் புதுசு புதுசாக ஆட்டம் வரைபவர் என்று வெளியே நினைக்கிறார்கள். வரைவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். வரைந்ததை 19 வயசுப் பையன் எண்பதாயிரம் பேர் கத்தும்போது யோசிக்காமல் செய்யும்படி சொல்லிக்கொடுப்பவர்தான் மேலே போகிறார். லீச் ஆட்டப் பட்டியலைச் சின்னதாக வைத்துக்கொண்டு, இருப்பதையே ஓயாமல் பழக்கினார். அதனால்தான் அவரிடமிருந்து லிங்கன் ரைலி மாதிரி இத்தனை கோச்கள் உருவானார்கள் என்பது என் கருத்து. ரைலி டெக்சாஸ் டெக்கில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்த குவார்ட்டர்பேக். ஆட்டத்தில் இடம் கிடைக்காமல் மாணவர் உதவியாளராக மாறினார். 2015-இல் ஓக்லஹோமாவின் கோஆர்டினேட்டராக, சிறந்த உதவி கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருது வாங்கினார். 2017-இல் அங்கேயே ஹெட் கோச்.

ஜி.ஏ.வாக என் முக்கிய வேலை கார்டு வரைவது. அடுத்த சனிக்கிழமை எதிரணி எப்படித் தடுக்கும் என்பதை, நம் பிள்ளைகளிலேயே ஒரு கூட்டம் பயிற்சியில் நடித்துக் காட்டும். அவர்களுக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கார்டு. நம் ஆட்கள் வட்டம், எதிரணி ஆட்கள் எழுத்து: டபிள்யூ என்றால் வில், எம் என்றால் மைக், எஸ் என்றால் சாம் (தடுப்பின் நடு வரிசையில் நிற்கும் லைன்பேக்கர்களுக்கு நாங்கள் வைக்கும் பெயர்கள்). ஒவ்வொரு எழுத்திலிருந்தும் ஒரு அம்பு. பாய்ந்து வருபவனுக்குச் சிவப்பு. பிளாஸ்டிக் உறையில் போட்டு, வளையக் கோப்பில் அடுக்கி, மைதானத்தில் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு சேஃப்டியை ஹாஷுக்கு உள்ளே போட வேண்டிய இடத்தில் வெளியே போட்டால், நம் குவார்ட்டர்பேக் அந்த வாரம் முழுக்கத் தப்பான பாடம் படிப்பார். எங்கள் அணியில் செவ்வாய்க்கிழமை முதல் இரண்டு முயற்சிகளுக்கான ஆட்டங்கள், புதன் மூன்றாவது முயற்சி, வியாழன் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் ஆடுவது. கார்டுகள் முந்தின ராத்திரியே தயாராக இருக்க வேண்டும். அம்மா போனில், "மேட்ச் நடக்கும்போது நீ எங்கடா நிக்கிற? டிவியில காணோமே" என்பார். மேலே கண்ணாடி அறையில், ஹெட்செட் மாட்டிக்கொண்டு, எதிரணி தடுப்பை கோஆர்டினேட்டருக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன் என்று ஒவ்வொரு தடவையும் விளக்குவேன்.

அப்புறம் ஒரு நவம்பர் மாதக் கடைசியில் ஹெட் கோச்சை நீக்கினார்கள். ஹெட் கோச் போனால் கீழே உள்ளவர்களும் அநேகமாகப் போவார்கள்; இந்தத் தொழிலில் அது வழக்கம். ஆனால் எங்களைக் கூப்பிட்டு யாரும் சொல்லவில்லை. செய்தியைப் போனில் படித்துத் தெரிந்துகொண்டோம். கைக்குழந்தையோடு இருந்த ஒரு கோச் சாப்பாட்டு அறையில் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கல்யாணம் செய்யப் போகிறவர்கள் துணையிடம் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்: சில வருஷத்துக்கு ஒரு முறை ஊர் மாறும், அதுவும் பள்ளி வருஷத்தின் நடுவில் மாறும்.

பிறகு வேறொரு இடத்தில் அனலிஸ்டாக, அதாவது வீடியோ பார்த்து ஆராய்ந்து கோச்களுக்குச் சொல்பவராக, சேர்ந்தேன். அந்தச் சமயத்தில் முதல் நிலை அணிகளில் ஹெட் கோச் போக 10 உதவி கோச்கள்தான் களத்தில் சொல்லிக்கொடுக்கலாம்; 2018-க்கு முன்னால் அது 9. அந்தக் கணக்கில் வராத அனலிஸ்ட் களத்தில் வாயைத் திறக்கக் கூடாது. தப்பு கண்ணுக்கு முன்னால் நடக்கும், பையனிடம் நேராகச் சொல்ல முடியாது. 2024 கோடையில் அந்த விதி போயிற்று. இப்போது அணியில் வேலை செய்யும் எவரும் சொல்லிக்கொடுக்கலாம். வெளியூர் போய் ஆள் சேர்ப்பதற்கு மட்டும்தான் பழைய கட்டுப்பாடு. அதே வருஷம் குவார்ட்டர்பேக் ஹெல்மெட்டுக்குள் பேசும் கருவியும் வந்தது. கடிகாரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போது அது தானாக அணைந்துவிடும். எனக்கு டைட் எண்ட் பிள்ளைகளைக் கொடுத்தார்கள். முதல் நாள் கால் வைக்கும் விதத்தைத் திருத்தினேன். அடுத்த ஆட்டத்திலேயே அந்தப் பையன் எதிராளியைத் தள்ளிக்கொண்டு போனான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மாணவர் விசாவில் வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் கேம்பஸில் வேலை செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை. ஃபுட்பால் அலுவலகம் அந்த அளவோடு நிற்காது. சேரும் முன்பே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு கிரீன் கார்டு இருந்தது, அதனால் இந்தத் தொல்லை இல்லை.

மற்றவர்கள் உங்கள் பள்ளி கோச்சிடம் போய், அடுத்த எதிரணியின் மூன்று ஆட்டங்களை வெட்டித் தருகிறேன் என்று கேளுங்கள். காலேஜுக்கு எழுதும்போது பெரிய பெயர்களோடு டிவிஷன் 2, டிவிஷன் 3 என்ற கீழ் நிலைக் கல்லூரிகளுக்கும் எழுதுங்கள். அங்கே ஆள் குறைவு என்பதால் முதல் வருஷத்திலேயே உங்கள் கையில் ஒரு குழுவைக் கொடுப்பார்கள். ஜனவரி மாநாட்டுக்கு வந்தால் என்னைத் தேடி வாருங்கள், தெரிந்த கோச்களிடம் நானே கூட்டிப் போகிறேன்.