புளோர் வீதிச் சைக்கிள் பாதைக்காக அலைந்தது: அடுத்தமுறை போகிறவர்கள் கவனிக்க

ரொறன்ரோவின் புளோர் வீதிச் சைக்கிள் பாதையை ஒன்ராறியோ மாகாண அரசு எடுக்கக்கூடாது என்று 2024இல் ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்கினோம். முதலில் நட்டக்கணக்கு. கையெழுத்து வாங்கிய தாள் 38. அதில் 14 தாள் கழிந்துபோனது. அந்தத் தாள்களில் மனுவின் வாசகம் அச்சாகியிருக்கவில்லை. வெறும் கோடும் பெயரும்தான். ஒன்ராறியோ சட்டமன்றத்துக்குப் போகிற மனு என்றால் கையெழுத்து இருக்கிற ஒவ்வொரு பக்கத்திலும் கோரிக்கை இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆள் எதற்குக் கையெழுத்துப் போட்டார் என்று யாருக்குத் தெரியும்? நியாயமான கேள்விதான். ஆனால் மூன்று கிழமை குளிருக்குள் கடை வாசலில் நின்று முடித்த பிறகு அதைக் கேட்டால் வயிறு எரியாதா?

ரொறன்ரோவின் கிழக்கில் இருக்கிற ஸ்காபரோ ஆக்களுக்கு 2011 மறந்திருக்காது. பேர்ச்மவுண்ட், பார்மசி இரண்டு வீதிகளிலும் போட்டிருந்த சைக்கிள் கோடுகளை அழிக்க அந்த வருடம் ரொறன்ரோ நகரசபை வாக்களித்தது. 2020இல் கொரோனாக் காலத்தில் பிரிம்லி வீதியில் போட்ட பாதையும் சில மாதங்களிலேயே போய்விட்டது. இரண்டுமே நகரசபையின் வேலை, ஆகவே கதைக்கவேண்டிய இடமும் நகரசபை. 2024இல் நகரத்தின் மேற்கே எற்றோபிக்கோப் பக்கத்துப் புளோர் வீதிக்கு வந்த ஆபத்து வேறு மாதிரி. அங்கே நகரசபை பாதையை வைத்திருக்கத்தான் நின்றது. எடுக்கவேண்டும் என்று வந்தது மாகாண அரசு. எங்களில் பாதிப்பேர் இந்த வித்தியாசத்தைப் பிடிக்காமல் பழைய பழக்கத்தில் நகரசபைக்கே ஓடினார்கள். முதல் வீண் பயணம் அதுதான்.

வீண் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரொறன்ரோ நகரசபையின் முழுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச முடியாது. பேச இடம் தருவது கமிட்டிகளிலும், நகரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் இருக்கிற சமூக சபைகளிலும் மட்டும். நவம்பர் கூட்டத்துக்கு ஸ்காபரோவின் கெனடி நிலையத்திலிருந்து ரயில் ஏறிப் போனவர்கள் மேல்வரிசையில் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் வைத்த நகரசபை ஊழியர்களின் அறிக்கை பிறகு கைகொடுத்தது: புளோர், யங், யூனிவர்சிற்றி மூன்று வீதியிலும் பாதை போட ஆன செலவு 27 மில்லியன் டொலர், எடுக்க ஆகக்கூடியது 48 மில்லியன். கடை வாசலில் நாங்கள் சொன்ன எல்லாவற்றிலும் சனம் நின்று கேட்டது இந்த இரண்டு இலக்கங்களைத்தான். சைக்கிளே பிடிக்காதவர்களும் நின்றார்கள்.

நாட்களைக் கவனியுங்கள். இந்தப் பாதைகளை எடுக்க மாகாண அரசு கொண்டுவந்த 212ஆம் இலக்கச் சட்டமூலம் 2024 ஒக்ரோபர் 21இல் வந்தது. நவம்பர் 25இல் சட்டமானது. மொத்தம் ஐந்து கிழமை. அதற்குள் மாகாணத்தின் சுற்றுச்சூழல் பதிவேட்டில் (அரசின் திட்டங்களுக்குச் சனம் கருத்து எழுதுகிற இணையத்தளம்) கருத்துச் சொல்ல 30 நாள், நவம்பர் 20 வரை. மனு எழுதி, அச்சடித்து, கையெழுத்து வாங்கி, சரிபார்த்து, ஓர் உறுப்பினரைப் பிடித்துச் சபையில் வைக்க இந்த ஐந்து கிழமை எந்த மூலைக்கும் காணாது. நாங்கள் மனுவில் மூன்று கிழமை போட்டோம், பதிவேட்டுக் கருத்துக்கு ஒரு பின்னேரம். தலைகீழாகச் செய்திருக்கவேண்டும்.

இருந்தும் மனு தேவைப்படும் நாள் வரும். ஆகவே எங்கள் தாள்கள் எப்படிக் கழிந்தன என்று விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

சட்டமன்றத்துக்கான மனு ஒன்ராறியோ சட்டமன்றத்தை விளித்துத் தொடங்கவேண்டும்; கேட்பது மாகாணத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும். பேனையால் போட்ட அசல் கையெழுத்து வேண்டும். போட்டோக்கொப்பி, போனில் படம் பிடித்து அனுப்பியது எதுவும் செல்லாது. கோயிலில் ஒருவர் அக்கறையாக ஒரு தாளை ஸ்கான் பண்ணி 22 பேருக்கு அனுப்பி, அவர்கள் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பி, அதைக் கலர் பிரிண்ட் எடுத்துத் தந்தார். பார்க்க அசல் மாதிரியே இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தால்தான் பேனை மை இல்லை என்று தெரியும். அந்த 22உம் போனது.

இன்னொரு தாள். மேசையில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம் நடுவில் விழுந்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை. விலாசம் எழுதவேண்டிய இடத்தில் ஒரே வீட்டு ஐந்து பேர் முதல் வரியில் மட்டும் விலாசம் எழுதி, கீழே நாலு வரியிலும் இரட்டைக் கோடு கிறுக்கியிருந்தார்கள். எண்ணிக்கையில் ஒன்றாகத்தான் வந்தது. அடுத்தமுறை பேனை கொடுக்கும்போதே சொல்லுங்கள்: வரிக்கு வரி முழு விலாசம். கையெழுத்துத் தமிழில் இருக்கட்டும். பக்கத்தில் பெயரையும் விலாசத்தையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுவிக்கவும். வெட்டித் திருத்தினால் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரியில் புதிதாக எழுதுவிக்கவும்.

கையெழுத்துப் போட குடியுரிமை தேவையில்லை. ஒன்ராறியோவில் வசித்தால் போதும். இதை வாய் ஓயாமல் சொல்லவேண்டியிருந்தது. வந்து இரண்டு வருடமான ஆக்கள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பெடியன்கள், குடிவரவு விஷயத்தை நினைத்து "பேப்பருக்குப் பிரச்சினை வருமோ" என்று பின்வாங்கினார்கள். வீதியை ஆகக் கூடுதலாகப் பாவிக்கிறவர்களே கையெழுத்துப் போடாமல் போனால் மனு யாருடைய மனு?

அடுத்தது தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற கட்டம். மனுவைச் சபையில் வைக்க ஒரு சட்டமன்ற உறுப்பினர் வேண்டும். எந்த உறுப்பினரும் வைக்கலாம், ஆனால் யாரும் வைத்தே ஆகவேண்டும் என்றில்லை. நாங்கள் வீதி இருக்கிற தொகுதியின் உறுப்பினரிடம்தான் கொடுக்கவேண்டும் என்று நினைத்து ஸ்காபரோவிலிருந்து எற்றோபிக்கோவுக்கு ரயில் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓடினோம். அலுவலகத்தில் இருந்தவர் கவரைத் திறக்கவேயில்லை. "நீங்கள் இந்தத் தொகுதி இல்லை" என்றார், அவ்வளவுதான். வேறொரு கட்சி உறுப்பினரின் அலுவலகம் தொலைபேசியிலேயே ஒப்புக்கொண்டு, எந்தத் தாள் செல்லாது என்றும் படம் பார்த்தே சொல்லியது. ரயில் ஏற முன் ஒரு அழைப்பு. அச்சடிக்க முன் வாசகத்தையும் அதே ஆளுக்கு அனுப்பிச் சரிபார்க்கவும்; எங்கள் 14 தாளும் அந்த ஒரு மின்னஞ்சலில் தப்பியிருக்கும்.

வைத்த மனுவுக்கு அரசு 24 அமர்வு நாட்களுக்குள் பதில் தரவேண்டும். 24 நாள் என்று காலண்டரில் குறிக்காதீர்கள். சபை கூடுகிற நாட்கள் மட்டுமே கணக்கு. எங்கள் தாள்கள் திருந்தி வந்தது டிசம்பரில், சட்டம் நிறைவேறிய பிறகு. ஜனவரியில் சபை கலைந்தது, பெப்ரவரி 27இல் தேர்தல். அந்த மனு அப்படியே கிடந்துபோனது.

பதிவேட்டுக் கருத்துக்கு ஒரு எச்சரிக்கை போதும்: ஒரே கடிதத்தை எல்லாருக்கும் கொடுத்து ஒட்டச் சொல்லாதீர்கள். வாசிக்கிறவருக்கு அது 300 கடிதம் அல்ல, ஒரு கடிதம் 300 தரம். எந்தச் சந்தி, எத்தனை மணிக்கு, என்ன வேலைக்கு என்று நாலு வரி சொந்தமாக எழுதினால் தனியாக நிற்கும்.

நகரசபைக் கமிட்டியில் பேசுவது பற்றி. புளோர் மேற்கு விஷயம் முந்தியே கமிட்டிக்கு வந்தபோது நிறையப் பேர் பேசினார்கள். இனி எந்த வீதிக்கும் இதே வழிதான். நிகழ்ச்சிநிரலில் அந்த விடயத்தின் இலக்கத்தைப் பிடித்து, பேச விருப்பம் என்று பதிய வேண்டும். பெயர் பொதுப் பதிவில் ஏறும், அதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நேரம் 5 நிமிடம் என்று இருக்கும். பட்டியல் நீண்டால் அன்று காலையே 3 ஆக, சிலவேளை அதற்கும் கீழே குறைப்பார்கள். 5 நிமிடத்துக்கு எழுதி வந்தவர்கள் முன்னுரையிலேயே மணி அடித்து நின்றுபோனார்கள். மூன்று பிரதி வேண்டும்: 5, 3, 2. மூன்று நிமிடத்துக்கு ஆங்கிலத்தில் 380 சொல்லுக்கு மேல் எழுதினால் ஓடத்தான் வேண்டிவரும். உங்கள் முக்கிய எண்ணிக்கையையும் கோரிக்கையையும் முதல் நாலு வசனத்துக்குள் வையுங்கள், "வணக்கம், சந்தர்ப்பத்துக்கு நன்றி" எல்லாம் வேண்டாம். பட்டியலில் 60ஆவது ஆள் என்றால் காலையில் வந்தவர் பின்னேரம்தான் பேசுவார். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், பெயர் கூப்பிடும்போது கழிப்பறையில் இருக்காதீர்கள். இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள்: பேச்சு முடிந்ததும் உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம், அந்த நேரம் உங்கள் நிமிடத்தில் கழியாது. ஆகவே உங்கள் பக்கம் நிற்கிற உறுப்பினரின் அலுவலகத்துக்கு முதல் நாளே ஒரு கேள்வியை அனுப்பி வையுங்கள். பேச்சில் வெட்டியதெல்லாம் பதிலில் வந்துவிடும்.

இனி எண்ணிக்கை. "பாதை வெறுமையாகக் கிடக்கிறது" என்று ஒரு படம் எப்போதும் வரும், பெரும்பாலும் ஜனவரியில் எடுத்தது. அதற்கு வாயால் பதில் சொல்லிப் பிரயோசனம் இல்லை. சைக்கிள் வரிசையில் நிற்காது, கடந்து போய்விடும். நிமிடத்துக்கு 5 சைக்கிள் போனால் மணிக்கு 300; அந்த நிமிடத்தின் பெரும்பகுதியில் படம் எடுத்தாலும் பாதை வெறுமையாகத்தான் தெரியும். இதைக் காட்ட எண்ணித்தான் ஆகவேண்டும்.

எங்கள் முதல் எண்ணிக்கை உதவாமல் போனது. ஒரே வீதித்துண்டின் இரண்டு முனையிலும் இரண்டு பேரை நிறுத்தி, இருவரின் கணக்கையும் கூட்டிவிட்டோம். ஒரே சைக்கிள் இரண்டு தரம். சரியான முறை: வீதிக்குக் குறுக்கே மனதில் ஒரு கோடு, உதாரணமாக ஒரு மின்கம்பத்திலிருந்து எதிர்க் கடையின் கதவு வரை. அந்தக் கோட்டைத் தாண்டுவதை மட்டும் எண்ணவேண்டும். செவ்வாய், புதன், வியாழன் நல்லது. திங்களும் வெள்ளியும் ஒழுங்காக வராது. காலை 7 முதல் 9, மாலை 4 முதல் 6, 15 நிமிடத்துக்கு ஒரு பெட்டி. கிழக்கு, மேற்கு தனித்தனி. நடைபாதையில் ஓடுகிற சைக்கிளுக்குத் தனிக் கட்டம் கட்டாயம்: பாதை இல்லாத வீதியில் அந்த இலக்கம்தான் உங்கள் வாதம், ஏனென்றால் நடந்துபோகிற முதியவர்களும் அப்போது உங்கள் பக்கம் வருவார்கள். தாளின் மேலே வெப்பநிலையும் மழையும். எண்ணியவரின் பெயரும் திகதியும் இல்லாத தாளை யாரும் மதிக்கமாட்டார்கள்.

அளவு நாடாவும் கொண்டுபோங்கள். பாதை இரண்டு பக்கமும் 1.5 மீட்டர் என்றால் எடுத்தால் கிடைப்பது 3 மீட்டர். அது ஒரு கார் வரிசை, ஒரு திசைக்கு மட்டும். பஸ் ஓடுகிற வரிசைக்கு 3.3 தேவை என்றால் அதுவும் காணாது. "பாதையை எடுத்தால் இரண்டு பக்கமும் வரிசை வரும்" என்ற பேச்சு சில வீதிகளில் இந்த இடத்திலேயே உடையும். எல்லா வீதியிலும் அல்ல. தடுப்புக்கான இடைவெளி அகலமாக விட்டிருந்தால் கணக்கு மற்றப் பக்கத்துக்குச் சாயும். அளக்காமல் மேடையில் சொல்லி மாட்டுப்படாதீர்கள். ஓடுகிற வீதியில் இறங்கி அளக்கவும் வேண்டாம், விடியற்காலையில் நடைபாதை ஓரத்திலிருந்து நீட்டினால் போதும்.

அரச ஆவணங்களைக் கேட்கிற தகவல் கோரும் விண்ணப்பத்திலும் காசு போட்டுப் படித்தோம். அப்போது விண்ணப்பக் கட்டணம் 5 டொலர், 30 நாளில் பதில். "இந்த வீதி சம்பந்தமான எல்லா ஆவணமும்" என்று கேட்டதால் வந்தது ஆவணம் அல்ல, செலவு மதிப்பீடு. தேடுகிற ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் 7.50 டொலர், பக்கத்துக்கு 20 சதம். மதிப்பீடு 100 டொலரோ அதற்கு மேலோ என்றால் பாதியை முற்பணமாகக் கேட்கலாம். இரண்டாவது தரம் திகதி, ஆவண வகை, வீதித்துண்டு மூன்றையும் குறுக்கிக் கேட்டபோது பிரச்சினை இல்லை. விபத்துத் தரவையும் வாகன எண்ணிக்கையையும் இதில் கேட்காதீர்கள். காவல்துறையும் நகரசபையும் அவற்றை ஏற்கெனவே திறந்த தரவாக வெளியிடுகின்றன.

கடைசியில் பாதையைக் காப்பாற்றியது எங்கள் 24 தாள் அல்ல. சைக்கிள் ரொறன்ரோ அமைப்பும் இரண்டு சைக்கிளோட்டிகளும், எக்கோஜஸ்ரிஸ் என்ற சுற்றுச்சூழல் சட்ட அமைப்பின் சட்டத்தரணிகளோடு நீதிமன்றம் போனார்கள். 2025 ஏப்ரல் 22இல் இடைக்காலத் தடை. ஜூலை 30இல் நீதிபதி போல் ஷேபாஸ், பாதைகளை எடுப்பது கனடிய உரிமைச் சாசனத்தின் 7ஆம் பிரிவை (உயிருக்கும் பாதுகாப்புக்குமான உரிமை) மீறும் என்று தீர்ப்பளித்தார். எடுத்தால் நெரிசல் குறையாமல் போகலாம் என்று அரசுக்கே ஆலோசனை வந்திருந்தது வழக்கில் வெளியே வந்தது. அரசு மேன்முறையீடு என்றது. அதே வருடம் நவம்பரில் 60ஆம் இலக்கச் சட்டமூலமும் நிறைவேறியது. அதன்படி இனிப் புதிய பாதைக்காக நகரசபைகள் கார் வரிசையைக் குறைக்க முடியாது.

ஆகவே இப்போது கையில் இருக்கிற பாதைகளுக்குத்தான் எண்ணிக்கை வேண்டும். மே மாத இரண்டாம் கிழமை செவ்வாயும் புதனும் என்று வைத்திருக்கிறோம். கோட்டுக்கு ஒருவர், மாற்றிவிட இன்னொருவர். பேனையோடு ஒரு பென்சிலும் கொண்டுவாருங்கள், மழை பெய்தால் மை ஓடிவிடும்.