பெரியப்பாவும் அக்கா பையனும்

மஞ்சக்குப்பம் பெரியப்பா வீட்டில் நேற்று ஒரே பஞ்சாயத்து. அக்கா பையன் வேலையை விட்டுவிட்டான், அதுவும் இட்லி சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் மெயிலைத் தட்டிவிட்டு "பாட்டி, இன்னும் கொஞ்சம் சட்னி" என்கிறான். பெரியப்பாவுக்கு பிரஷர் எகிறாததுதான் பாக்கி. சேர்ந்த ஆபீஸிலேயே ரிட்டையர் ஆன மனுஷன், பாவம்.

ஆனால் ஒன்று. தமிழக அரசு வேலையில் 2003 ஏப்ரல் 1-லிருந்து சேர்ந்தவர்களுக்கு அவர் வாங்கும் பழைய பென்ஷனை எடுத்துவிட்டு, சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் கடைசியில் பலன் உண்டு என்று அவர் தலைமுறை நம்பியதற்குக் காரணம் இருந்தது. இவன் பார்த்ததோ, 2011 தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் வருஷக்கணக்காக வளர்த்த முந்திரியும் பலாவும் ஒரே நாளில் சாய்ந்ததை. அப்புறம் காலேஜ் போனால் கொரோனா. இவனிடம் போய் "நிரந்தர வேலைடா" என்றால் சிரிக்காமல் என்ன செய்வான்?

அதற்காக இவன் செய்தது சரி என்று சொல்லமாட்டேன். அடுத்த வேலை கையில் இல்லாமல் விடுவது, என்னைக் கேட்டால், கொழுப்புதான். நகைக்கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பது அக்கா, அவளை ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.