பின் சக்கரத்தைக் காணோமே!

"ஏத்தா, பின் சக்கரத்தைக் காணோமே, எவன் கழட்டிட்டுப் போனான்?"

காலை ஆறரை மணி. கனடாவில், எட்மன்டன் வீட்டு பேஸ்மென்டில் வியர்த்து விறுவிறுத்து சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தபோது வீடியோ காலில் அப்பத்தா கேட்ட முதல் கேள்வி இதுதான். கோட்டையூரில் அப்போது இரவு ஏழு மணி. வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், விளக்கேற்றிவிட்டு ஆத்தா போனை அப்பத்தா கையில் கொடுத்திருந்தார். சைக்கிள் திருட்டுப் போய்விட்டது என்றே அப்பத்தா நினைத்துவிட்டார், முகத்தில் அவ்வளவு பதற்றம். இல்லை அப்பத்தா, நாங்களேதான் கழற்றி வைத்திருக்கிறோம், செயினை நேராக இந்த எந்திரத்தின் பல்சக்கரத்தில் மாட்டியிருக்கிறது, உள்ளே காந்தம் இருக்கிறது, எதிரே டிவியில் மேடு வந்தால் இங்கே பெடல் கனக்கும், இறக்கம் வந்தால் லேசாகும் என்று மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நீ எங்கதான் போற?" என்றார்.

"எங்கேயும் போகல அப்பத்தா. இங்கேயேதான்."

போனை ஆத்தாவிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே அவர் சொன்னது காதில் விழுந்தது. "ரங்கூன் போனவுகளே திரும்பி வந்தாக. இவ சைக்கிள்ல ஏறி ஒரு ஊருக்கும் போகலையாம்."

சிரித்துவிட்டேன். எங்கள் ஐயாவின் அப்பச்சி பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர், வளவுத் தூண்கள் அவர் அனுப்பிய தேக்கு. போவது, வருவது, போய் வராமலே இருந்துவிடுவது எல்லாம் அப்பத்தாவுக்குக் கதை கதையாகத் தெரியும். போன் பேசி முடித்த பிறகும் எனக்குப் பன்னிரண்டு நிமிடம் மிதிக்க பாக்கி இருந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடியது.

சரி, ஏன் பேஸ்மென்டுக்குள் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் டிசம்பர் கடைசியில் சூரியன் வருவதே எட்டே முக்கால் தாண்டித்தான், நாலேகால் மணிக்கெல்லாம் இருட்டிவிடும். குளிர் மைனஸ் முப்பது வரைக்கும் போகும். அந்தக் குளிரிலும் ஆணி வைத்த டயர் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. வந்த முதல் வருடம் நானும் நவம்பரில் ஓட்டிப் பார்த்தேன். தெருத் திருப்பத்தில் கண்ணாடி மாதிரி உறைந்திருந்த ஐஸில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு வீங்கி ஒரு மாதம் தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாமல் கிடந்தேன். அந்த மாதம் முழுக்க வீட்டுக்காரர்தான் சமையல். அதற்கப்புறம் யாரோ பயன்படுத்தி விற்ற ஸ்மார்ட் ட்ரெய்னர் ஒன்றை (அப்பத்தாவிடம் சொன்ன அந்த எந்திரம்தான்) வாங்கி, நாம் மிதிப்பதைத் திரையில் ஒரு கற்பனைச் சாலையில் ஓட்டமாகக் காட்டும் ஸ்விஃப்ட் செயலியில் சேர்ந்தேன்.

முதலில் சும்மா மிதித்தேன். நாற்பது நிமிடம், ஒரே வேகம், டிவியில் வட்டோபியா என்ற கற்பனைத் தீவு. பத்து நாளில் சலித்துப்போனது. பயிற்சித் திட்டம் என்று ஒன்றை எடுத்தபோதுதான் இது வேறு விஷயம் என்று புரிந்தது. முதலில் உங்களால் எவ்வளவு முடியும் என்று அளந்துகொள்ள வேண்டும். இருபது நிமிடம், நின்றுவிடாமல் முடிந்த அளவு மிதித்து, அதன் சராசரி வாட்ஸில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் எஃப்டிபி. ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய சக்தி என்று தோராயமாகச் சொல்லலாம். எனக்குச் சராசரி 135 வந்தது, ஆக எஃப்டிபி 128. எடை 58 கிலோ, கிலோவுக்கு 2.2 வாட்ஸ். பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் என் கால் இவ்வளவு என்று ஒரு எண்ணாக அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன், அதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

மற்றதெல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் பிறக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் அதில் 60, 70 சதவீதத்தில் நிதானமாக நீளமாக ஓட்டுவது, ஒரு நாள் 90 சதவீதத்தில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை, ஒரு நாள் 110 தாண்டி மூன்று மூன்று நிமிடம். மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், நாலாவது வாரம் குறைத்துவிட வேண்டும். உடம்பு பலமாவது அந்தக் குறைக்கிற வாரத்தில்தான். இதை நம்புவதற்கே எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது.

எர்க் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 115 வாட்ஸ் என்று வைத்துவிட்டால் வேகமாக மிதித்தாலும் மெதுவாக மிதித்தாலும் எந்திரம் 115ஐ வாங்காமல் விடாது. கால் தளர்ந்து சுற்று குறைந்தால், அந்தக் கணக்கைச் சரிக்கட்ட இன்னும் இறுக்கும். இறுக்க இறுக்கக் கால் இன்னும் தளரும், கடைசியில் சேற்றில் இறங்கிய வண்டிச் சக்கரம் மாதிரி பெடல் அப்படியே நின்றுவிடும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது இதில் மாட்டுவார்கள். கஷ்டமான பகுதி தொடங்கப் பத்து நொடி இருக்கும்போதே சுற்றை நிமிடத்துக்கு 90க்கு ஏற்றி வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். அப்படியும் நின்றுபோனால் முட்டி மோதாமல், எர்க்கை அணைத்துவிட்டுக் காலைச் சுழற்றி, திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது காற்றுதான்.

வெளியில் ஓட்டும்போது வியர்வை தெரியவே தெரியாது, வர வரக் காற்று எடுத்துக்கொண்டு போய்விடும். உள்ளே ஐந்தாவது நிமிடமே நெற்றியில் ஊறி, பத்தாவது நிமிடத்தில் மூக்கு நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஹேண்டில்பாரின் நட்டு மேலேயே விழும். அந்த உப்பில் போன வருடம் ஒரு நட்டு துருப்பிடித்து, கழற்ற முடியாமல் போயிற்று. அதனால் ஹேண்டில்பார் மேல் ஒரு ஈரிழைத் துண்டு, கீழே ரப்பர் பாய், எதிரே பெரிய மின்விசிறி. மின்விசிறி இல்லையென்றால் உடம்பு சூடாகி, இதயத் துடிப்பு ஏறி, அதே 115 வாட்ஸ் 140 மாதிரி கனக்கும். வெளியே மைனஸ் இருபத்தைந்து, உள்ளே நான் விசிறியை மூன்றில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். என் மகள் மாடிப்படியில் நின்றுகொண்டு, "உனக்கு மட்டும் கோட்டையூரா?" என்று கேட்டாள். அவளுக்கு ஆறு வயது.

கோட்டையூர்க் காற்று வேறு. பதினொன்றாம் வகுப்பில் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளில்தான் நான் காரைக்குடி போய்வந்தேன், ஐந்தாறு கிலோமீட்டர். விடியற்காலை டியூஷனுக்குக் கிளம்பினால் ஊருணிக்கரை வரும்போது மட்டும் காற்று சட்டென்று குளிரும். ஒரு இருபது முப்பது மிதிதான், கரை முடிந்ததும் மறுபடி பழைய காற்று. அந்த இடத்தில் நான் மிதிப்பதை நிறுத்திவிடுவேன், சைக்கிள் தானாக ஓடும். போகிற வழியில் யாராவது ஒரு ஆச்சி முகப்பில் நின்று, எங்கத்தா இவ்வளவு வெள்ளனா என்று கேட்பார்கள். வரும்போது யார் வீட்டுக்காவது பணியாரமோ தேன்குழலோ தூக்குச்சட்டியில் கொடுத்து அனுப்புவார்கள், அதை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு ஆட்டாமல் ஓட்டுவது தனிப் பயிற்சி. சைக்கிளை எடுத்தால் ஒரு வீட்டுக்குப் போவதுதான், சும்மா ஓட்டுவது என்றே ஒன்று கிடையாது. படியிறங்கும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லாமல் இறங்கியதும் கிடையாது. இங்கே பேஸ்மென்ட் படியில் இறங்கும்போது சொல்வதற்கு எனக்கு ஒரு சொல் இல்லை. அப்பத்தா கேட்ட கேள்வி தைத்தது அங்கேதான்.

பொதுவாக எனக்கு இந்த ஊர் ஒத்துப்போய்விட்டது. எந்தக் கடையில் நல்ல முருங்கைக்கீரை வரும், எந்த வாரம் பனிப்பொழிவு என்றெல்லாம் இப்போது கேட்காமலே தெரியும். ஆனால் திருக்கார்த்திகை முடிந்த மறுநாள் மட்டும் கை தானாகப் பெட்டியைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த கோடி வேட்டியைத் தேடுகிறது. நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோரு நாள், நாளுக்கு ஒரு இழை. நோன்பன்றைக்கு அத்தனையையும் திரியாக்கி மாவுப் பிள்ளையாரில் ஏற்றி, சுடரோடு வாயில் வாங்கிக்கொள்வோம், அதற்குத்தான் இழை எடுப்பது என்று பெயர்.

கோடி வேட்டியில் நூல் உருவியவர்களுக்குத் தெரியும், ஓரத்தில் நகத்தால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் துணி கொஞ்சம் சுருங்கி, ஒரு இடத்தில் மாட்டி, மெல்ல நீவிவிட்டதும் முழு நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு வரும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். இந்த வருடம் அதைக் காலையில் சைக்கிளில் ஏறுவதற்கு முன்னால் வைத்துக்கொண்டேன். இழையை எடுத்துப் பிள்ளையார் முன்னால் வைத்துவிட்டுக் கீழே போவேன். பயிற்சி இல்லாத நாளிலும் இழை உண்டு. இது எனக்கு ரொம்ப உதவியது. முன்பெல்லாம் ஓய்வு நாள் வந்தால் ஏதோ தப்புச் செய்வது போல இருக்கும், திருட்டுத்தனமாக ஏறி மிதித்துவிட்டு மறுநாள் கால் வலியோடு 90 சதவீதத்தைத் தொட முடியாமல் திணறுவேன். இப்போது ஓய்வு நாளும் ஒரு இழையாக எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டது.

பாதி நோன்பில்தான் அந்த மலை கண்ணில் பட்டது. பிரான்ஸில் ஆல்ப் டுவெஸ் என்று ஒரு ஏற்றம், டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1952இல் முதல்முறை அதில் ஏறியது. அதை அப்படியே பார்த்து வட்டோபியாவிலும் ஒரு மலை செய்து வைத்திருக்கிறார்கள், பெயர் ஆல்ப் டு ஸ்விஃப்ட். 12 கிலோமீட்டர் சொச்சம் தூரம், ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், சராசரி ஏற்றம் 8.5 சதவீதம். கொண்டை ஊசி வளைவு எத்தனை தெரியுமா? இருபத்தொன்று.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் பக்கம் மேடு என்றால் குன்றக்குடிதான், அதையும் படியில்தான் ஏறியிருக்கிறேன். நோன்பன்றைக்கு இதில் ஏறுவது என்று அந்த நொடியே முடிவு செய்தேன்.

ஸ்மார்ட் ட்ரெய்னரில் ஏற்றத்தின் கனத்தைப் பாதியாக வைத்துக்கொள்ளலாம், செயலியில் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். 8 சதவீத மேடு காலுக்கு 4 சதவீதம் போலத் தெரியும். ஆனால் மேலே போய்ச் சேர வேண்டிய உழைப்பில் ஒரு துளியும் குறையாது, கியர் கிடைப்பதுதான் சுலபமாகும். நான் அப்படியே விட்டுவிட்டு, எர்க்கை அணைத்து, 110 வாட்ஸைத் தாண்டாமல் ஏறினேன். ஒவ்வொரு வளைவுக்கும் திரையில் நேரம் காட்டும். நான் இழையைத்தான் எண்ணினேன். முதல் இழை எடுத்த அன்றைக்கு என்ன பனி, ஆறாவது இழையன்று மகளுக்குக் காய்ச்சல், ஒன்பதாவதன்று ஆத்தா கால் பண்ணவில்லை, நான் பயந்துவிட்டேன். பதினான்காவது வளைவில் தொடை எரிந்தது. பதினேழில் தண்ணீர் தீர்ந்துவிட, மகள் செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். 1 மணி 46 நிமிடம். உச்சியில் ஒரு பரிசுச் சக்கரம் சுழலும், எனக்கு என்ன விழுந்தது என்று பார்க்கக்கூட இல்லை, தலையை ஹேண்டில்பாரில் சாய்த்துக்கொண்டு கிடந்தேன்.

அப்போதுதான் போன் அடித்தது. ஊரில் நோன்பு முடிந்திருந்தது. அப்பத்தா நெற்றி நிறைய விபூதியோடு இருந்தார், பின்னால் வளவில் பொரியும் ஆவாரம்பூவும் தெரிந்தன.

"இன்னைக்காவது எங்கயாச்சும் போனியா?"

"போனேன் அப்பத்தா. ஒரு மலைக்குப் போயிட்டு வந்தேன். இருபத்தோரு வளைவு."

"மலைக்கா?" அப்பத்தா முகம் மலர்ந்துவிட்டது. "மேல என்ன சாமி?"

என்ன சொல்வதென்று தெரியாமல் திரையைத் திரும்பிப் பார்த்தேன். பனி மூடிய ஒரு முகடு, சைக்கிளோடு நின்றுகொண்டிருந்த நாலைந்து பேர். "பிள்ளையார்தான்" என்றேன்.

சாயங்காலம் இருபது நிமிடத் தூரத்தில் இருக்கும் ஒரு அண்ணன் வீட்டில் நம்மவர்கள் ஏழு குடும்பம் கூடினோம். போன வருடம் இழை எடுக்கும்போது புகை அலாரம் அலறிவிட்டதால், இந்த முறை அடுப்படி விசிறியைப் போட்டு, ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தார்கள். மாவுப் பிள்ளையாரில் இருபத்தோரு இழைத் திரி சின்னதாக எரிந்துகொண்டிருந்தது. திறந்திருந்த அந்த விரற்கடை வழியாகக் காற்று வந்து முகத்தில் பட்டது, ஊருணிக்கரையில் பட்டதைவிட ரொம்பக் குளிராக. பெரியவர் சுடரோடு நீட்ட, நான் வாயில் வாங்கிக்கொண்டேன்.